இடிமழையின் மேல்பாதி

2014 ஏப்ரல் 4ஆம் தேதி விடியலுக்கு முன்பு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பெரிய இடிமழை. அந்த நேரத்தில் சுவோமி என்பிபி என்ற செயற்கைக்கோள் சுமார் 824 கி.மீ. உயரத்தில் அந்த வழியாகக் கடந்து போனது. அதிலிருக்கும் இரவுக் கேமரா எடுத்த படத்தை நான் எத்தனையோ முறை திறந்து பார்த்திருக்கிறேன். நகர விளக்குகள் பொட்டுப்பொட்டாகத் தெரிகின்றன. மேகத்துக்குள் வெட்டிய மின்னல்கள் வெள்ளைக் கீற்றுகளாகப் பதிந்திருக்கின்றன. இவற்றோடு, ஒன்றைச் சுற்றி ஒன்றாக மெல்லிய வளையங்கள் பல நூறு கி.மீ. தூரத்துக்கு விரிந்து கிடக்கின்றன. அந்த வளையங்கள் மேகத்தில் இல்லை. மேகத்தின் உச்சியைத் தாண்டி, இன்னும் எழுபது கி.மீ.க்கும் மேலே இருக்கின்றன.

இடிமழையைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் கீழ்ப்பாதியைப் பற்றித்தான். எத்தனை சென்டிமீட்டர் பெய்தது, எந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றது, எந்த ஊரில் மின்னல் தாக்கியது என்று விசாரித்து முடித்துவிடுகிறோம். அதே மழை அதே நேரத்தில் மேல்நோக்கி அனுப்பும் ஒன்று உண்டு: காற்றில் எழும் அலை. அது ஒரு மணிநேரம், இரண்டு மணிநேரம் கழித்து விண்வெளியின் விளிம்பைத் தொடுகிறது. வானிலைச் செய்தியில் அதற்கு ஒரு வரிகூட இடமில்லை. நாம் வாழும் வானிலையும் செயற்கைக்கோள்கள் வாழும் வானிலையும் ஒரே தூணின் அடியும் முடியும் என்பதை எனக்குப் புரியவைத்தது இந்த அலைகள்தான். அதனால்தான் இதை விரிவாக எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அலை எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம். இடி முழக்கத்துக்கோ மின்னலுக்கோ இதில் பெரிய பங்கு கிடையாது. வேலை செய்வது நீராவி. ஒரு கிலோ நீராவி குளிர்ந்து நீராகும்போது ஏறக்குறைய 25 லட்சம் ஜூல் வெப்பத்தை வெளியே விடுகிறது. ஒரு சதுர கி.மீ. பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் பத்தாயிரம் டன் தண்ணீர். அது உருவானபோது வெளிப்பட்ட உள்ளுறை வெப்பம் 70 லட்சம் யூனிட் மின்சாரத்துக்குச் சமம். கூடங்குளத்தின் 1000 மெகாவாட் அலகு ஒன்று ஏழு மணிநேரம் ஓடினால்தான் அவ்வளவு மின்சாரம் வரும். நடுத்தரமான ஒரு கோடை மழையே பல நூறு சதுர கி.மீ. பரப்பில் இதைச் செய்துவிட்டுப் போகிறது.

இந்த வெப்பத்தில் காற்று சூடாகி மேலே பாய்கிறது. கடும் புயல்மேகங்களில் அதன் வேகம் விநாடிக்கு 30 மீட்டரையும் தாண்டும். நம் பக்கத்தில் 16, 17 கி.மீ. உயரத்தில் மேகமும் மழையும் உருவாகும் கீழடுக்கு (ட்ரோபோஸ்பியர்) முடிந்து மீளடுக்கு (ஸ்ட்ராட்டோஸ்பியர்) தொடங்குகிறது. அதற்கு மேலே போகப்போக வெப்பநிலை கூடும். ஆகவே அங்கே போய்ச் சேரும் மேகக்காற்று சுற்றியுள்ள காற்றைவிடக் கனமாகிவிடுகிறது. வந்த வேகத்தில் எல்லையைத் தாண்டிக் கொஞ்சம் ஏறும், கனத்தால் கீழே விழும், விழுந்த வேகத்தில் தன் மட்டத்தைக் கடந்து இன்னும் இறங்கும், மறுபடி மிதந்து எழும். மீளடுக்கில் இந்த ஊசலாட்டம் ஒருமுறை முடிய சுமார் 5 நிமிடம் ஆகும். கீழடுக்கில் கிட்டத்தட்ட 10 நிமிடம். மேகத்தலையின் இந்தக் குதிப்பு மேலேயுள்ள காற்றை அசைக்க, அசைவு அலையாகப் புறப்படுகிறது. மேகத்தின் உடலுக்குள் வெப்பம் திட்டுத்திட்டாக வெளிப்படுவதும் தனியாக அலையை எழுப்பும். மேலே பலத்த காற்று அடித்தால், எல்லையைத் துளைத்து நிற்கும் மேகத்தலை ஒரு மலைமுகடு போலக் குறுக்கே நின்று, அந்தக் காற்றையே அலையாக மடக்கிவிடும். உண்மையான ஒரு புயலில் மூன்றும் கலந்துதான் நடக்கின்றன. எது எவ்வளவு என்று பிரிப்பது இன்றும் ஆய்வாளர்களின் வேலையாக இருக்கிறது.

கனமான காற்றை ஈர்ப்பு கீழே இழுப்பதும் மிதப்பு மேலே தள்ளுவதும்தான் இந்த அலையை நடத்துகின்றன. அதனால் இவை வளிமண்டல ஈர்ப்பலைகள். கருந்துளைகள் மோதும்போது வரும் ஈர்ப்பு அலைகளுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை.

புறப்படும்போது அலை சின்னதுதான். மேலே போகப்போக அது பெருகும் விதம்தான் ஆச்சரியம். காற்று உயரத்தோடு வேகமாக நீர்த்துப்போகிறது. ஆற்றல் குறையாமல் அலை ஏறும்போது, அசைக்க வேண்டிய காற்று குறைந்துகொண்டே வருவதால் அசைவு பெரிதாகியே ஆக வேண்டும். சாட்டையின் கைப்பிடியில் கொடுத்த சிறு அசைவு, கயிறு மெலிந்து மெலிந்து நுனிக்குப் போகும்போது சுளீரென்று வெடிப்பது இதே கணக்கில்தான். ஏறக்குறைய 10 கி.மீ.க்கு ஒருமுறை வீச்சு இரட்டிக்கும். 15 கி.மீ. உயரத்தில் விநாடிக்கு 10 செ.மீ. வேகத்தில் ஆடிய காற்று, இடையில் உடையாமல் 85 கி.மீ.க்குப் போய்ச் சேர்ந்தால் விநாடிக்கு 12 மீட்டருக்கு மேல் ஆடும். அது பலமான காற்று. அங்கே வெப்பநிலையும் சில டிகிரி ஏறி இறங்கும்.

இந்த அலைகளின் வடிவியல் முதலில் யாரையும் குழப்பும். ஆற்றல் மேலே போகும்போது அலையின் முகடுகள் கீழே இறங்குவதுபோல் தெரியும். ரேடார் பதிவில் காற்றின் ஏற்ற இறக்கங்கள் சாய்ந்த பட்டைகளாகக் காலப்போக்கில் கீழ்நோக்கி நகர்ந்தால், அலை கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இதை ஒருமுறை சமன்பாட்டில் போட்டுப் பார்த்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் கோணம். வேகமாக ஆடும் அலை செங்குத்துக்கு அருகே ஏறும். மெதுவாக ஆடும் அலை பக்கவாட்டில் சாய்ந்து போகும். காற்றின் இயல்பான ஊசல்நேரம் 5 நிமிடம், இடையில் வேறு காற்று எதுவும் அடிக்கவில்லை என்று எளிமையாக வைத்துக்கொள்வோம். 10 நிமிட அலை 70 கி.மீ. ஏறுவதற்குள் பக்கவாட்டில் 120 கி.மீ. போயிருக்கும். 15 நிமிட அலை 200 கி.மீ. போயிருக்கும். ஒரே மேகத்திலிருந்து கிளம்பியவை இப்படிப் பிரிந்து, உள்ளே வேகமானவை, வெளியே மெதுவானவை என்று வளையங்களாகின்றன. அலையின் காலத்தையும் வளையத்தின் அளவையும் அளந்தால், எவ்வளவு தூரத்தில் எந்த உயரத்தில் அது கிளம்பியிருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம். இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. புயலுக்கு நேர்கீழே நிற்பவருக்கு மேகம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். நூறு, இருநூறு கி.மீ. தள்ளி, வானம் தெளிந்த ஊரில் நிற்பவருக்குத்தான் அந்தப் புயலின் மேல்பாதியைப் பார்க்கும் வாய்ப்பு.

பார்ப்பது எதை வைத்து? நிலவில்லாத இரவிலும் வானம் முழு இருட்டு இல்லை. பகலில் சூரிய ஒளி உடைத்துப்போட்ட அணுக்களும் மூலக்கூறுகளும் இரவெல்லாம் வினைபுரிந்து மங்கலாக ஒளிர்ந்துகொண்டிருக்கின்றன. ஓசோனோடு ஹைட்ரஜன் அணு சேரும்போது பிறக்கும் ஹைட்ராக்சில், சுமார் 87 கி.மீ. உயரத்தில் அகச்சிவப்பில் ஒளிர்கிறது. அதற்கு மேல் 92 கி.மீ. அளவில் சோடியத்தின் மஞ்சள். 96, 97 கி.மீ. அளவில் ஆக்சிஜன் அணுவின் பச்சை. இதைக் காற்றொளிர்வு என்று சொல்லலாம். அலை கடக்கும்போது காற்று அழுந்தும் இடத்தில் ஒளி கூடுகிறது, விரியும் இடத்தில் குறைகிறது. டெக்சாஸ் படத்தில் தெரியும் வளையங்கள் இவைதான்.

நண்பர் ஒருவர் கொடைக்கானல் பக்கம் பால்வெளியைப் படமெடுத்துவிட்டு வந்து, வானம் முழுக்கப் பச்சையாகப் பட்டை பட்டையாக விழுந்திருக்கிறதே, எந்த ஊர் விளக்கு வெளிச்சம் இது என்று கேட்டார். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பச்சையைக் கேமரா அரை நிமிடத்தில் சேர்த்துவைத்துவிடுகிறது. தொண்ணூறு கி.மீ. மேலே ஓடிய அலையைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் கேட்டார்.

இந்த அலைகளுக்கு உறுதியான கோட்பாடு கொடுத்தவர் கனடா நாட்டு இயற்பியலாளர் காலின் ஹைன்ஸ். எரிகற்கள் விட்டுப்போகும் தடங்கள் நேராக நிற்காமல் உயரத்துக்கு உயரம் வெவ்வேறு திசையில் வளைந்து நெளிவதை ஏற்கெனவே பலர் கவனித்திருந்தார்கள். அந்த ஒழுங்கற்ற காற்றுகள் கீழிருந்து ஏறிவரும் ஈர்ப்பலைகளே என்று 1960இல் ஹைன்ஸ் வாதிட்டார். அதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1988இல், மைக்கேல் டெய்லரும் ஹாப்குட்டும் காற்றொளிர்வில் பதிவான வளைந்த பட்டைகளின் மையத்தைத் தேடிப்போய், அது ஓர் இடிமழையில் போய் நிற்பதைக் காட்டினார்கள். குறிப்பிட்ட ஒரு புயலைக் காட்டி, இந்த அலையைக் கிளப்பியது இதுதான் என்று சொன்ன வேலை அது.

முழு வட்டமாக வளையம் கிடைப்பது அரிது. 2004 மே 11ஆம் தேதி அமெரிக்காவின் கொலராடோவில், ஃபோர்ட் காலின்ஸ் அருகே உள்ள யக்கா ரிட்ஜ் நிலையத்தின் முழுவான் கேமராவில் அப்படி ஒன்று விழுந்தது. ஏன் அரிது என்றால், வழியில் அடிக்கும் காற்று சல்லடையாகிவிடுகிறது. அலை எந்தத் திசையில் எந்த வேகத்தில் போகிறதோ, அதே திசையில் அதே வேகத்தில் காற்று அடிக்கும் உயரத்தை அது தாண்ட முடியாது, அங்கேயே கரைந்துவிடும். மேல்காற்று கிழக்கு மேற்காகத் திசை மாறும் பருவங்களில் அது வலுவிழந்திருக்கும். அப்போதுதான் எல்லாப் பக்கத்து அலைகளும் தப்பிப் பிழைத்து முழு வளையமாகும்.

இந்தச் சல்லடைக்கு மிகச் சிறந்த உதாரணம் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காலத்தில் தென்னிந்தியாவின் மேல் சுமார் 14 முதல் 16 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று ஓடுகிறது. இந்திய வானிலை ஆய்வாளர் கோட்டீஸ்வரம் 1958இல் இதை விவரித்து எழுதினார். வெப்பமண்டலக் கீழைச் சூறைக்காற்று என்று சொல்லலாம். அது விநாடிக்கு 30, 40 மீட்டர் வேகத்தில் மேற்கே போகும்போது, அதே வேகத்துக்குள் மேற்கே போக நினைக்கும் அலைகள் அங்கேயே மாட்டிக்கொள்கின்றன. கிழக்கே போகும் அலைகளுக்கு வழி திறந்திருக்கிறது. ஆக ஆடி மாதத்து மேகம் எல்லாத் திசையிலும் அலை அனுப்பினாலும் மேலே போய்ச் சேர்பவற்றில் கிழக்கு நோக்கியவைதான் அதிகம்.

சரி, மேலே போய்ச் சேர்ந்த அலை என்ன ஆகும்? வளர்ந்து வளர்ந்து ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் உடைகிறது. உடையும் இடத்தில் தான் சுமந்துவந்த உந்தத்தை அங்குள்ள காற்றிடம் கொடுத்துவிடுகிறது. இதுதான் இந்தக் கதையின் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன், வளையங்களின் அழகைவிடப் பெரியது. ஓரிடத்தில் பெய்த மழையின் விசை, அந்த இடத்துக்குச் சம்பந்தமே இல்லாத உயரத்திலும் தூரத்திலும் காற்றைத் தள்ளுகிறது அல்லது தடுக்கிறது. மலைமேல் மோதும் காற்று, வேகக்காற்றோடைகள் என்று இடிமழை அல்லாத மூலங்களும் உண்டு. எல்லாம் சேர்ந்து, மீளடுக்குக்கு மேலே உள்ள இடையடுக்கின் காற்றோட்டத்தையே நடத்துகின்றன.

பூமியின் மிகக் குளிர்ந்த இடம் எது? அண்டார்க்டிகாவின் குளிர்கால இரவு என்று தோன்றும். அது தரைமட்டத்தில். வளிமண்டலம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், கோடைக்காலத் துருவத்துக்கு மேலே 85 முதல் 90 கி.மீ. உயரம்தான் மிகக் குளிர்ந்தது. சூரியன் மறையாமல் காயும் இடத்தில் வெப்பநிலை மைனஸ் 130 டிகிரிக்கும் கீழே போகிறது. அலைகள் உடைந்து கொடுக்கும் உந்தத்தால் கோடைத் துருவத்திலிருந்து குளிர்காலத் துருவத்துக்குக் காற்று நகர்கிறது. கோடைப் பக்கத்தில் அதை ஈடுசெய்யக் கீழிருந்து காற்று எழுகிறது, எழும் காற்று விரிந்து குளிர்கிறது. வெயிலால் அந்தக் குளிரை ஈடுகட்ட முடிவதில்லை. அந்தக் குளிரில்தான் நள்ளிரவிலும் ஒளிரும் மெல்லிய நீலமேகங்கள் உருவாகின்றன.

வெப்பமண்டல மீளடுக்கிலும் ஒரு தாளம் உண்டு. அங்கே காற்று கிழக்கிலிருந்து அடித்து, பிறகு மேற்கிலிருந்து அடித்து, ஏறக்குறைய 28 மாதத்துக்கு ஒருமுறை பழைய நிலைக்கு வருகிறது. சூரியனோ பருவமோ இதை இயக்கவில்லை. நிலநடுக்கோட்டுப் பகுதியின் மேகங்கள் அனுப்பும் அலைகள்தான் இயக்குகின்றன. பெரிய அலைகளோடு இடிமழையின் சிறு ஈர்ப்பலைகளும் இதில் பங்கெடுக்கின்றன. காலநிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகளின் கட்டங்கள் பெரியவை, இவ்வளவு சிறிய அலைகள் அவற்றுக்குள் அகப்படாமல் நழுவிவிடும். அதனால் தனிச் சூத்திரம் போட்டுத் தோராயமாகச் சேர்க்கிறார்கள். இந்தத் தோராயம் எவ்வளவு சரி என்பதைப் பொறுத்தே பல முன்கணிப்புகளின் தரம் இருக்கிறது.

அலைகள் எல்லாம் இடையடுக்கிலேயே முடிந்துவிடுவதும் இல்லை. உடையும் இடத்தில் புதிய, இன்னும் பெரிய அலைகள் பிறந்து மேலே போகும். வேகமானவை உடையாமலே நேராகப் போகும். அங்கே, சூரிய ஒளியால் அணுக்களிலிருந்து பிரிந்த எலக்ட்ரான்கள் திரியும் அயனி மண்டலம் இருக்கிறது. 2013 மே 20ஆம் தேதி ஓக்லஹோமா மாநிலத்தின் மூர் நகரத்தைச் சூறாவளிச் சுழல் (டொர்னாடோ) ஒன்று சிதைத்தது. 24 பேர் இறந்தார்கள். அன்று அமெரிக்கா முழுவதும் பரவியிருந்த ஜிபிஎஸ் நிலையங்களின் பதிவுகளை ஜப்பானிய ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். செயற்கைக்கோளிலிருந்து வரும் சமிக்ஞை வழியில் எத்தனை எலக்ட்ரான்களைக் கடந்ததோ, அதற்கேற்பத் தாமதமாகும். அந்தத் தாமதத்தை வரைபடமாக்கியபோது, மூர் அருகே மையம் கொண்ட வளையங்கள் ஏழு மணிநேரத்துக்கும் மேலாக வட அமெரிக்காவில் பரவிக்கொண்டிருந்தது தெரிந்தது. 4 நிமிடத் துடிப்பு ஒன்றும் கூடவே இருந்தது. அது நம் காதுக்கு எட்டாத ஒலி, தரைக்கும் உயர் வளிமண்டலத்துக்கும் இடையே ஒத்ததிர்ந்த ஒலி. இவற்றுக்கெல்லாம் காரணம் சுழல் அல்ல, அதைப் பெற்றெடுத்த பெரும்மேகம்.

ஒரு புயல், கீழே உயிர்களை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் முன்னூறு கி.மீ. மேலேயும் தடம் பதித்திருக்கிறது. அந்த வரைபடத்தை அழகு என்று மட்டும் பார்க்க என்னால் முடிவதில்லை.

இதற்கென்றே ஒரு கருவியும் மேலே போனது. 2023 நவம்பர் 9ஆம் தேதி நாசாவின் ஏடபிள்யூஇ (வளிமண்டல அலைப் பரிசோதனை) கருவி புறப்பட்டு, பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் பொருத்தப்பட்டது. ஹைட்ராக்சில் ஒளியை வைத்து 87 கி.மீ. உயரத்தின் வெப்பநிலையை வரைவது அதன் வேலை. 2024 செப்டம்பர் 26ஆம் தேதி ஹெலீன் புயல் ஃபுளோரிடாவை நெருங்கியபோது எழுந்த அலைகளையும் அது பிடித்தது. இந்தத் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தபோது யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து அதற்குத் தலைமை ஏற்றிருந்தவர், 1988இல் இடிமழையைக் கையோடு பிடித்துக்கொடுத்த அதே மைக்கேல் டெய்லர்.

நம் பக்கத்திலும் சிறப்பான வேலை நடக்கிறது, அது வெளியே அதிகம் தெரிவதில்லை. திருப்பதி அருகே காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே 1024 ஆன்டெனாக்கள் வரிசையாக நிற்கும் ஒரு ரேடார், 53 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. மேகத்துக்குள் காற்று மேலே பாய்வதையும், அதற்கு மேல் அலை எழுவதையும் அதே இடத்தில் நின்று அளக்கக்கூடிய கருவிகள் உலகத்திலேயே குறைவு. ரேடாருக்கு எதிரொலி கிடைக்காத நடு உயரங்களை லேசர் ஒளியால் அளக்கும் லைடாரும் அங்கே உண்டு. திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம், 1990களின் தொடக்கத்திலிருந்து 1.98 மெகாஹெர்ட்ஸ் ரேடாரால் இடையடுக்குக் காற்றை அளந்துவந்திருக்கிறது. காற்றொளிர்வைப் படமெடுக்கும் கருவிகளும் அங்கே இருக்கின்றன.

அந்த இடத்துக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. பூமியின் காந்த நிலநடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. அங்கே சூரியன் மறைந்தபின் அயனி மண்டலத்தின் மேலடுக்கு உயர எழும்பி, அடியில் அடர்த்தி குறைந்தும் மேலே கூடியும் நிலையற்று நிற்கும். ஒரு சிறு தூண்டுதல் கிடைத்தால், எலக்ட்ரான் குறைந்த பெரும் குமிழிகள் மேலே கிளம்பிவிடும். ஜிபிஎஸ் சமிக்ஞை அவற்றைக் கடக்கும்போது தடுமாறும். ஒரே பருவத்தில், ஒரே மாதிரிச் சூழலில், ஒருநாள் குமிழி வருகிறது, மறுநாள் வருவதில்லை. தூண்டுகோலாக இருப்பது கீழே எங்கோ பெய்த இடிமழையின் ஈர்ப்பலையாக இருக்கலாம் என்பது வலுவான கருத்து. எந்த இரவில் எந்த மேகம் என்று முன்கூட்டியே சொல்லத்தான் இன்னும் வழி கிடைக்கவில்லை.

படம் பிடிக்க ஆசையிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிலவில்லாத இரவில், ஊர் வெளிச்சம் எட்டாத இடத்தில், அகன்ற லென்ஸோடு கேமராவை முக்காலியில் வைத்து, அடிவானத்திலிருந்து 15, 20 டிகிரிக்கு மேலே குறிவையுங்கள். 20 முதல் 30 விநாடி திறந்துவைத்தால் போதும். ஒரே இடத்தில் வைத்துத் தொடர்ந்து படங்கள் எடுங்கள். பச்சைப் பட்டைகள் நகர்கின்றனவா, வளைந்திருக்கின்றனவா என்று வரிசையாக ஓட்டிப் பாருங்கள். வளைந்திருந்தால் நேரத்தையும் திசையையும் குறித்துக்கொண்டு, ஒன்றிரண்டு மணிநேரம் முந்தைய இன்சாட் அகச்சிவப்புப் படத்தை வானிலைத் துறையின் தளத்திலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வளைவின் மையம் இருக்கும் பக்கத்தில் 100 முதல் 300 கி.மீ.க்குள் பளீரென்று வெள்ளையாக ஒரு மேகத்தலை இருக்கிறதா என்று தேடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கேரள மலையோரத்திலும் கர்நாடகத்தின் தென்பகுதியிலும் மாலை மழை அதிகம். கொங்குப் பக்கம் வானம் தெளிந்திருக்கும் இரவுகளில் மேற்கே இருந்து தொடங்குங்கள்.